டார்சி வருவதை யார் முதலில் பார்க்கிறார்கள்?

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் நாயகன் டார்சி குளத்தில் குதிப்பதில்லை. சொன்னால் நம்ப மறுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1995இல் பிபிசி ஒளிபரப்பிய தொடரில், டார்சியாக நடித்த காலின் ஃபர்த் நனைந்த வெள்ளைச் சட்டையோடு புல்வெளியில் நடந்து வந்து, எதிரே நாயகி எலிசபெத்தாக நடித்த ஜெனிஃபர் ஈலியைப் பார்த்ததும் திகைத்து நிற்பார். அதற்குப் பிறகு இங்கிலாந்தில் டார்சி என்றாலே அந்தச் சட்டைதான் என்றாகிவிட்டது. காட்சி எடுக்கப்பட்ட லைம் பார்க் மாளிகைக்குச் சுற்றுலாக் கூட்டம் பெருகியது. நாவலைப் படித்தவர்களோ 'அது புத்தகத்திலேயே இல்லை' என்று இன்றுவரை அலுத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு அந்தச் சட்டையில் பெரிய குறை தெரியவில்லை. குறை அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. எலிசபெத் பென்னட் டார்சியின் பெம்பர்லி மாளிகையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டார்சி குதிரையில் வீட்டை நோக்கி வருவதைத் தொடர் நமக்குக் காட்டிவிடுகிறது. அவன் வரப்போகிறான் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நாவலின் 43ஆம் அத்தியாயத்தில் நமக்கும் தெரியாது. அவன் நாளைக்குத்தான் வருவான் என்று நம்பித்தான் எலிசபெத் உள்ளே நுழைகிறாள், நாமும் அப்படித்தான். வீட்டைப் பார்த்து முடித்து வெளியே வந்தால், லாயத்துப் பக்கத்துப் பாதையில் வீட்டுக்காரனே நிற்கிறான். நடுவே இருபது கஜம்கூட இல்லை, ஒளிய இடமில்லை, இரண்டு பேர் முகமும் சிவந்துபோகிறது. அவளுக்கு எப்படித் தூக்கிவாரிப் போடுகிறதோ அப்படியே நமக்கும்.

ஒரு நாவலைப் படிப்பதும் அதன் தொடரைப் பார்ப்பதும் எந்த இடத்தில் வேறுவேறு அனுபவமாகின்றன என்று கேட்டால், நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். எதைச் சேர்த்தார்கள், எதை வெட்டினார்கள் என்ற கணக்கு இங்கே உதவாது. யாருக்கு எது எப்போது தெரியவருகிறது என்பதுதான் விஷயம்.

இந்தத் தொடரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அது நாவலுக்கு மிகவும் விசுவாசமானது என்பதே. நாவல் 1813 ஜனவரி 28 அன்று மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. மொத்தம் 61 அத்தியாயங்கள், ஏறத்தாழ 1,20,000 சொற்கள். தொடருக்குத் திரைக்கதை ஆண்ட்ரூ டேவிஸ், இயக்கம் சைமன் லாங்டன். தலா ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆறு பகுதிகள், 1995 செப்டம்பர் கடைசியில் தொடங்கி ஞாயிறுதோறும் வந்தது. இரண்டு மணி நேர சினிமாவாக இருந்தால் பாதிப் பேரைக் காலி செய்ய வேண்டியிருக்கும். இங்கே அந்த அவசரம் இல்லை. முக்கியமான யாரும் விடுபடவில்லை, வசனங்களில் பெரும்பகுதி ஆஸ்டினுடையதே. டார்சியின் முதல் திருமணக் கோரிக்கை நாவலில் 34ஆம் அத்தியாயத்தில், பாதியைத் தாண்டியதும் வருகிறது. தொடரிலும் சரியாக மூன்றாம் பகுதியின் முடிவில் வருகிறது. இவ்வளவு ஒட்டிப் போயும் அனுபவம் மாறுகிறது என்றால், மாற்றம் வேறெங்கோ நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ஐந்து பெண்களைப் பெற்ற பென்னட் குடும்பம். ஆண்டு வருமானம் 2,000 பவுண்டு. ஆண் வாரிசு இல்லாததால் அப்பா கண்ணை மூடியதும் நிலமும் வீடும் தூரத்து உறவினர் காலின்ஸுக்குப் போய்விடும். அம்மாவுக்கும் ஐந்து பெண்களுக்கும் மிஞ்சப்போவது 5,000 பவுண்டு முதல். நான்கு சதவீத வட்டி என்று வைத்தால் வருடத்துக்கு 200 பவுண்டு, ஆறு பேருக்கு. பக்கத்து மாளிகைக்கு பிங்லி என்ற பணக்கார வாலிபன் குடிவருகிறான், கூடவே ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானமுள்ள அவன் நண்பன் டார்சி. டார்சியின் மிடுக்கு இரண்டாம் மகள் எலிசபெத்துக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. டார்சி தன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டான் என்று விக்கம் என்ற ராணுவ அதிகாரி சொல்வதை அவள் அப்படியே நம்பிவிடுகிறாள்.

நாமும் நம்பிவிடுகிறோம் என்பதில்தான் நாவலின் சாமர்த்தியம். கதை படர்க்கையில் சொல்லப்பட்டாலும் பெரும்பாலும் எலிசபெத்தின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் சொல்லப்படுகிறது. அவளுடைய கருத்து எது, கதைசொல்லியின் கருத்து எது என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. அவள் ஒருவனை நல்லவன் என்று நினைத்தால் வாக்கியமே அவனை நல்லவனாக்கிவிடும். 16ஆம் அத்தியாயத்தில் விக்கம் தன் சோகக் கதையைச் சொல்கிறான். அன்றைக்குத்தான் இருவரும் முதல்முறையாக உட்கார்ந்து பேசுகிறார்கள். டார்சியின் அப்பாமேல் வைத்த மரியாதைக்காக மகனை ஒருநாளும் அம்பலப்படுத்த மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே, யாரென்று தெரியாத ஒரு பெண்ணிடம் அம்பலப்படுத்திக்கொண்டிருக்கிறான். எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் நமக்கு உறைப்பதில்லை. அவளுக்கும் உறைப்பதில்லை.

உறைப்பது இருபது அத்தியாயங்கள் கழித்து. திருமணக் கோரிக்கையை அவள் முகத்திலடித்தாற்போல மறுத்த மறுநாள் காலை, டார்சி ஒரு நீண்ட கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். 35ஆம் அத்தியாயம் முழுக்க அந்தக் கடிதம்தான். 36ஆம் அத்தியாயம் முழுக்க அதைப் படிக்கும் எலிசபெத். என் கணக்கில் நாவலின் உச்சம் இந்த 36ஆம் அத்தியாயம்தான். வெளியிலிருந்து பார்த்தால் அதில் எதுவுமே நடக்காது. ஒரு பெண் பாதையோரத்தில் நடந்தபடி ஒரு காகிதத்தைப் படிக்கிறாள், அவ்வளவுதான். முதல் வாசிப்பில் எதையும் நம்பவில்லை. பொய், புளுகு, இனி இதைத் தொடவே மாட்டேன் என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிடத்தில் மறுபடி பிரிக்கிறாள். இந்த முறை வரிவரியாக. விக்கம் அன்று சொன்னதை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து எதிரில் வைத்துப் பார்க்கிறாள். முன்பின் தெரியாத என்னிடம் அவன் ஏன் அதையெல்லாம் சொன்னான்? அப்போது எனக்கு ஏன் இது தோன்றவில்லை? இரண்டு மணி நேரம் அங்கேயே அலைகிறாள்.

வாசகருக்கு இங்கே நடப்பது கொஞ்சம் அவமானகரமானது. எழுந்து 16ஆம் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்க்கத் தோன்றும். பார்த்தால் எல்லாம் பச்சையாக எழுதியிருக்கிறது. எலிசபெத் ஏமாந்த அதே இடத்தில் நாமும் ஏமாந்திருக்கிறோம். அவளுடைய அவசரத் தீர்ப்பைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தால், நம்முடையதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இதைத் தொலைக்காட்சி என்ன செய்யும்? ஒரு பெண் நின்று காகிதம் படிப்பதை எவ்வளவு நேரம்தான் காட்ட முடியும்? டேவிஸ் எடுத்த முடிவு கெட்டிக்காரத்தனமானது, ஆனால் விலை அதிகம். நான்காம் பகுதி டார்சியிடமிருந்து தொடங்குகிறது. மறுப்பு வாங்கிய கையோடு அவன் தன் அறைக்குப் போய் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறான். எழுத எழுதப் பழைய காட்சிகள் திரையில் விரிகின்றன. சிறுவயதில் அவனும் விக்கமும், பிறகு கேம்பிரிட்ஜில் விக்கமின் ஆட்டங்கள், அதன்பின் டார்சியின் 15 வயதுத் தங்கை ஜார்ஜியானாவை விக்கம் ஆசைகாட்டி அழைத்துப்போகப் பார்த்தது. விடியும்போது கடிதம் முடிகிறது. அதாவது, கடிதம் எலிசபெத் கைக்குப் போவதற்கு முன்பே நமக்கு உண்மை தெரிந்துவிட்டது. அதுவும் எப்படி? டார்சி சொன்னதாக இல்லை, நடந்ததாகவே. திரையில் காட்டிய பிறகு யார் சந்தேகப்படுவார்கள்? நாவலில் எலிசபெத் கையில் இருப்பது ஒரு மனிதனின் வாக்கு மட்டுமே. அதை நம்புவதா வேண்டாமா என்று அவளே எடைபோட வேண்டும். தொடரில் எடைபோடும் வேலையே இல்லை.

லண்டன் விவகாரமும் இப்படித்தான். கடைசித் தங்கை லிடியா விக்கமோடு ஓடிப்போன பிறகு, அவர்களைத் தேடிப்பிடித்து, அவன் கடன்களை அடைத்து, பணம் கொடுத்துக் கல்யாணத்தை முடித்துவைத்தது டார்சிதான். நாவலில் இது லிடியாவின் வாய் தவறிய ஒரு வார்த்தையில் கசிந்து, 52ஆம் அத்தியாயத்தில் எலிசபெத்தின் மாமி எழுதும் கடிதத்தில் வெளியாகிறது. தொடரிலோ அவன் லண்டன் தெருக்களில் அலைந்து தேடுவதை முன்கூட்டியே பார்த்துவிடுகிறோம். பெம்பர்லி, கடிதம், லண்டன் என்று மூன்று இடத்திலும் நாவல் மூடிவைத்திருக்கும் டார்சியைத் தொடர் முன்னதாகத் திறந்து காட்டுகிறது. இது தற்செயல் இல்லை. தொடரின் முதல் காட்சியே டார்சியும் பிங்லியும் குதிரையில் பாய்ந்து வருவதுதான். மேட்டிலிருந்து எலிசபெத் அவர்களைப் பார்க்கிறாள். அப்புறம் டார்சி குளிக்கிறான், ஜன்னல் வழியே அவளைக் கவனிக்கிறான், வாள்பயிற்சி செய்து மனதை அடக்கப் பார்க்கிறான். எதுவும் புத்தகத்தில் இல்லை. அவளிடம் டார்சிக்கு உண்டாகும் உடல்சார்ந்த ஈர்ப்புதான் கதையை நகர்த்துகிறது என்பது டேவிஸின் பார்வை, அதை அவர் மறைத்ததும் இல்லை.

இதன் விளைவு என்னவென்றால், தவறாக மதிப்பிடுவது பற்றிய ஒரு நாவல், இருவர் சேர்வதற்காகக் காத்திருக்கும் தொடராகிவிடுகிறது. காத்திருப்பும் சுகமானதுதான், மறுக்கவில்லை. ஞாயிறுதோறும் சுமார் ஒரு கோடிப் பேரை உட்காரவைத்தது அந்தச் சுகம்தான்.

இன்னொன்றும் இடம் மாறுகிறது: கதைசொல்லியின் நக்கல். வசதியான பிரம்மச்சாரிக்குக் கட்டாயம் ஒரு மனைவி தேவை என்பது ஊரறிந்த உண்மை என்கிற மாதிரி தொடங்கும் அந்தப் புகழ்பெற்ற முதல் வாக்கியத்தை நாவலில் எந்தப் பாத்திரமும் சொல்வதில்லை. அது ஊரின் குரல், ஊரைக் கேலி செய்யும் குரலும் கூட. தொடரில் தேவாலயத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், அம்மாவின் பேச்சுக்குப் பதிலடியாக எலிசபெத் அதைச் சொல்கிறாள். அழகாகப் பொருந்துகிறது, சிரிப்பும் வருகிறது. ஆனால் கதைசொல்லியின் புத்திசாலித்தனம் முழுக்க எலிசபெத்துக்குப் போய்விட்டால், எலிசபெத்தைப் பார்த்துச் சிரிக்க ஆளில்லாமல் போகிறது. நாவல் அவளை நேசிக்கிறது, அதே சமயம் அவள் முதுகுக்குப் பின்னால் புன்னகைக்கவும் செய்கிறது. ஜெனிஃபர் ஈலி அருமையான நடிகை, அந்த வேடத்துக்காக பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கினார். அவருடைய குறும்புக் கண்களைப் பார்த்தால் இவள் ஏமாறுவாள் என்றே தோன்றாது.

ஷார்லட்டின் வீட்டில் இன்னும் நுட்பமாக ஒன்று நடக்கிறது. எலிசபெத்தின் தோழி ஷார்லட், வயது 27, கையில் பணமில்லை, எனவே அறுவை மன்னன் காலின்ஸைக் கட்டிக்கொள்கிறாள். எலிசபெத் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது ஒரு விஷயம் அவளுக்குப் புரிவதில்லை. வசதியான அறை முன்னால் இருக்க, ஷார்லட் ஏன் பின்பக்க அறையில் உட்காருகிறாள்? பிறகுதான் பிடிபடுகிறது. தன் அறை நல்ல அறையாக இருந்தால் கணவர் வந்து உட்கார்ந்துகொள்வாரே! ஷார்லட் அதைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. கணவரின் தோட்டவேலை உடம்புக்கு நல்லது, நானும் ஊக்கப்படுத்துகிறேன் என்று முகத்தில் ஒரு கோடு மாறாமல் சொல்கிறாள், அவ்வளவே. தொடரில் கேமராவால் எலிசபெத்தின் ஊகத்தைப் படமெடுக்க முடியாது. அதனால் ஷார்லட்டே சொல்லிவிடுகிறாள்: அவர் தோட்டத்துக்குப் போகிறார், பக்கத்து மாளிகைச் சீமாட்டி வீட்டுக்குப் போகிறார், சில நாள் சில நிமிடங்கள் மட்டுமே சேர்ந்திருக்கிறோம், அந்தத் தனிமையை என்னால் சந்தோஷமாகவே தாங்கிக்கொள்ள முடிகிறது என்று. நல்ல வசனம், லூசி ஸ்காட் நன்றாகவும் பேசுகிறார். ஆனால் புத்தகத்து ஷார்லட் தன் நெருங்கிய தோழியிடம்கூட இதைச் சொல்லாதவள். அந்த மௌனம்தான் அவள் கல்யாணத்தின் விலை.

காலின்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டேவிட் பாம்பர் அந்த வேடத்தில் எண்ணெய் வழிய, வியர்வை வழியக் குழைந்து குழைந்து வணங்குவார். அவரைப் பார்த்துவிட்டால் வேறு காலின்ஸை மனதில் நிறுத்த முடியாது. அவருக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. நாவலின் காலின்ஸுக்கு 25தான்! நான் இதைப் புத்தகத்தில் திரும்பப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. 25 வயதில் ஒருவன் இவ்வளவு பெரிய மனுஷத் தோரணையில் பேசுகிறான் என்பதுதான் ஆஸ்டினின் நகைச்சுவை. நாற்பதில் அதே ஆள் நகைச்சுவையோடு கொஞ்சம் அருவருப்பும் ஆகிறான், ஷார்லட்டின் முடிவும் அதற்கேற்பக் கனத்துப்போகிறது.

தொடரால் லாபமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. ஆஸ்டின் தன் காலத்து வாசகருக்காக எழுதியவர், அவர்களுக்கு ஒரு வண்டி வைத்திருக்க என்ன செலவாகும் என்று சொல்லத் தேவையில்லை. நமக்குத் தேவை. வீட்டுக்கு வீடு மேசை, மெழுகுவத்தி, வேலைக்காரர் எண்ணிக்கை எல்லாம் மாறுவதைக் கண்ணால் பார்த்தால் 2,000 பவுண்டுக்கும் 10,000 பவுண்டுக்கும் உள்ள தூரம் ஒரு நொடியில் விளங்கிவிடும். மூன்று மைல் சேற்றில் நடந்து நோயாளி அக்காவைப் பார்க்க வரும் எலிசபெத்தின் பாவாடை விளிம்பும் அப்படித்தான். பிங்லியின் நெதர்ஃபீல்ட் மாளிகையில் நடக்கும் நடனமோ நாவலையே மிஞ்சிவிடுகிறது என்பேன். 18ஆம் அத்தியாயத்தில் டார்சியும் எலிசபெத்தும் ஆடிக்கொண்டே குத்தலாகப் பேசிக்கொள்வது வெறும் உரையாடலாகத்தான் இருக்கிறது. தொடரில் நடனத்தின் அடவுகள் இருவரையும் கிட்டே கொண்டுவந்து, சட்டென்று விலக்கி, பாதி வாக்கியத்தில் முதுகைத் திருப்பவைக்கின்றன. பதில் சொல்ல வேண்டுமானால் சுற்றி வந்துதான் சொல்ல வேண்டும். (அந்த நடனம் 1695இலேயே அச்சேறிய பழசு, 1813இன் இளசுகள் அதை ஆடியிருப்பார்களா என்பது வேறு கதை. யார் கவலைப்பட்டார்கள்!)

நாவலைப் பாத்திரமேற்று நடிப்பதில் வரும் சிக்கலை முதலில் அனுபவித்தவர் ஆஸ்டினேதான். புத்தகம் வந்த புதிதில், எழுதியது யார் என்று சொல்லாமல் பக்கத்து வீட்டு மிஸ் பென்னுக்கு வீட்டில் உரக்க வாசித்துக் காட்டினார்கள். இரண்டாம் நாள் வாசிப்பு தனக்குத் திருப்தி தரவில்லை என்று ஆஸ்டின் அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அம்மா மிக வேகமாக வாசிக்கிறார், பாத்திரங்களை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார், ஆனால் அவர்கள் பேசவேண்டிய விதத்தில் பேசத் தெரியவில்லை என்பது புகார். அதே வருடம் மே மாதம் லண்டனில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போனவர், பிங்லியின் மனைவியாகும், எலிசபெத்தின் அக்கா ஜேனின் சாயலில் ஒரு படத்தைக் கண்டுபிடித்து மகிழ்கிறார். வெள்ளை உடை, பச்சை அணிகள். எலிசபெத்தின் சாயலில் எதுவும் கிடைக்கவில்லை. டார்சி தன் மனைவியின் படத்தை ஊர் பார்க்க வைக்க விரும்பமாட்டான் போலும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார். எலிசபெத்தின் முகத்தைப் பற்றி நாவலில் அழகிய கண்கள் என்பதைத் தாண்டி அதிகம் கிடையாது. படைத்தவருக்கே அகப்படாத அந்த முகத்தை 1995 தொடர் நிரந்தரமாக ஒட்டிவிட்டது. இப்போது நாவலைக் கையில் எடுத்தால் டார்சி காலின் ஃபர்த்தின் குரலில்தான் பேசுகிறான்.

நாவலின் பார்வையை விட்டுக்கொடுக்காமல் எடுக்கவே முடியாதா? பிபிசியே 1980இல் ஐந்து பகுதிகளாக எடுத்த தொடர் முயன்றது. ஃபே வெல்டன் திரைக்கதை. எலிசபெத்தின் மனக்குரல் பின்னணியில் ஒலிக்கும், நாம் பெரும்பாலும் அவளோடுதான் இருப்போம். ஆஸ்டின் பக்தர்கள் அதை இன்னும் போற்றுகிறார்கள், மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். தன்மையில் சொல்லப்பட்ட கதைக்கு மனக்குரல் பொருந்திவிடும். 1981இல் கிரனடா தொலைக்காட்சி அப்படியொரு நாவலிலிருந்து எடுத்த 'பிரைட்ஸ்ஹெட் ரிவிசிட்டெட்' தொடர் அதனால்தான் அவ்வளவு நன்றாக வந்தது. ஆஸ்டினின் குரலோ பாத்திரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே வாக்கியத்தில் போய்வரும். அதற்கு ஒலிவாங்கி வைக்க இடம் இல்லை.

சரி, எதை முதலில் எடுப்பது? தமிழில் பலருக்கு ஆஸ்டின் அறிமுகமே 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) வழியாகத்தான், அது அவருடைய இன்னொரு நாவலான 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யை ஒட்டியது. படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குப் போவதில் பொதுவாகத் தவறொன்றும் இல்லை. பாத்திரங்கள் குழம்பாது, பழைய ஆங்கிலமும் மிரட்டாது. ஆனால் இந்த நாவலுக்கு மட்டும் வேறு பதில் சொல்வேன். முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லையென்றாலும் 36ஆம் அத்தியாயம் வரை படித்துவிட்டு அப்புறம் தொடரைப் போடுங்கள். விக்கமிடம் ஏமாறுவது ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். தொடரை முதலில் பார்த்தவருக்கு அது என்றைக்கும் கிடைக்காது. நாவலை முதலில் படித்தவருக்கோ தொடரில் இழப்பதற்கு எதுவும் இல்லை. நடனமும் காலின்ஸும் அப்படியே காத்திருப்பார்கள்.

முடிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொடர் எலிசபெத்-டார்சி, ஜேன்-பிங்லி என்ற இரட்டைக் கல்யாணத்தில் முடிகிறது. பனிக்கால தேவாலயம், பாதிரியாரின் குரல், ஒவ்வொரு பாத்திரத்தின் முகமும் ஒருமுறை, வண்டியில் ஒரு முத்தம். ஆஸ்டின் கல்யாணத்தைக் காட்டுவதே இல்லை. கடைசி அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தில், மிசஸ் பென்னட் தன் தகுதியான இரண்டு பெண்களைத் தள்ளிவிட்ட நாள் அவருக்கு மகிழ்ச்சியான நாள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அடுத்து என்ன ஆயிற்று என்பதற்குப் போய்விடுகிறார். லிடியாவிடமிருந்து வாழ்த்துக் கடிதம் வருகிறது. உனக்கு இவ்வளவு பணம் வந்தது சந்தோஷம், வேறு வேலை இல்லாதபோது எங்களையும் நினைத்துக்கொள், விக்கமுக்கு அரண்மனையில் ஒரு பதவி கிடைத்தால் தேவலை, வருடத்துக்கு முந்நூறு நானூறு பவுண்டு வந்தால் போதும் என்கிறாள். டார்சியிடம் சொல்லவேண்டாம் என்றால் சொல்லாதே என்றும் சேர்க்கிறாள். எலிசபெத் அப்படியெல்லாம் முடியாது என்று பதில் எழுதிவிடுகிறாள். ஆனாலும் தன் சொந்தச் செலவில் மிச்சம் பிடித்து அவ்வப்போது பணம் அனுப்புகிறாள். விக்கம் தம்பதி வீடு மாற்றும்போதெல்லாம் கடனை அடைக்கக் கொஞ்சம் உதவி கேட்டு ஜேனுக்கோ எலிசபெத்துக்கோ கடிதம் வந்துகொண்டே இருக்கிறது.